பிறையும் மீசையும்

எங்கள் ஆபீசாக இருந்த பழனி ரோட்டு மாடி அறையைக் காலி செய்த அன்று வந்திருந்தவர்கள் இவர்கள். கட்டடத்துக்காரர். அவர் மருமகன், சாவியை வாங்கிக்கொள்ள. பழைய சாமான் எடுக்கிறவர். தராசைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. கதிர்வேல் சார். நான்.

பர்வீன் வரவில்லை. அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள். சகாயம் வரவில்லை. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

முதலில் பேட்டரிகளை இறக்கினார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர்கள் அணைந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற பெரிய பேட்டரிகள். தூக்கும்போது ஒன்று கசிந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு முதல் நாள் ஞாபகம் வந்தது. அந்த ஆபீசில் நான் கால் வைத்த அன்று இதே வாடைதான் அடித்தது. யாரோ ஊறுகாயைக் கெட்டுப்போக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அலமாரியெல்லாம் தேடினேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போய், வாடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தது.

பிறகு கீபோர்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய சாமான்காரர் மனைவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல ரெண்டு பட்டன்ல எழுத்தே இல்லியே. கம்பெனிலயே அப்படியா?"

"எழுத்து இருந்துச்சுங்க. தேஞ்சு போச்சுங்க," என்றார் கதிர்வேல் சார்.

ஒன்பதும் பூஜ்யமும். மற்றதெல்லாம் ஓரளவு தெளிவாகத்தான் இருந்தன. அந்த இரண்டு பட்டன்களில்தான் அடைப்புக்குறிகள் இருக்கும். திறக்கிறது ஒன்பதில், மூடுகிறது பூஜ்யத்தில். ஒரு மனிதர் வருடக் கணக்கில் அடைப்பைத் திறந்து மூடித் திறந்து மூடித் தேய்த்த கீபோர்டு அது. சகாயத்தினுடையது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தினார்கள். நின்றேன். நாகல் நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அங்கே தமிழும் இங்கிலீசும் அடிக்கப் படித்தேன். இங்கிலீசு படிக்கத் தெரியாது, அடிக்கத் தெரியும். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது பலருக்குப் புரியாது. பிறகு ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். கதிர்வேல் சார் ஏதோ நோட்டீஸ் அடிக்க வந்தவர், நான் கீழே பார்க்காமல் அடிப்பதைச் செத்த நேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நம்ம ஆபீசுக்கு வர்றீங்களா? மாடு கன்னு விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமுங்க."

அவர் கீரனூர்க்காரர். எல்லாருக்கும் 'ங்க' போடுவார். பேட்டரிக்குக்கூடப் போடுவார்.

மாடு கன்று விவரம் என்றது ஒரு தனியார் பால் கம்பெனிக்கு. வடமதுரையிலிருந்து அந்தப் பக்கம் கீரனூர் வரைக்கும் ஊர் ஊராகப் பால் எடுப்பார்கள். தக்காளியோ பூவோ போட்டிருக்கிற வீடுகள், கொட்டத்தில் இரண்டு மாடு. எந்த வீட்டு மாட்டுக்கு என்றைக்குச் சினை ஊசி போட்டது, சினை நின்றதா, எப்போது கன்று போடும் என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு, மாட்டுக்காரர் போனுக்கு நாள் பார்த்துச் செய்தி அனுப்புகிற வேலை எங்களுடையது. விவரத்தை ஏற்றுவது நான். அனுப்புகிற புரோகிராமை எழுதியது அவர்கள் மூன்று பேர்.

மூன்று பேரும் மூன்று மொழியில் எழுதினார்கள். கதிர்வேல் சார் ஜாவா. பர்வீன் கோட்லின். சகாயம் க்ளோஜர். பெயர்களை நான் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். மூன்றும் தனித்தனி மொழி என்பது எனக்கே திரையைப் பார்த்தால் தெரியும். ஆனால் மூவரும் எழுதியது ஒன்றாகச் சேர்ந்து ஓடியது. அதுதான் புரியவில்லை. சேர்ந்த புதிதில் சகாயத்திடம் கேட்டேன்.

"ஆளுக்கொரு பாஷைல எழுதுனா மெஷினுக்கு எப்படித் தம்பி புரியும்?"

அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவர் என்று வருகிறது.

"மெஷினுக்கு எங்க பாஷை ஒண்ணுமே புரியாதுக்கா. மாவு மில்லுக்குப் போவீங்கல்ல? ஒருத்தரு கேப்பை கொண்டாருவாரு, ஒருத்தரு கம்பு, ஒருத்தரு அரிசி. அரைச்சா எல்லாம் மாவு. அடியில ஒரு மெஷின் இருக்கு. அது மாவு மட்டுந்தான் திங்கும்."

"அது எந்த மேசைல இருக்கு?"

"நெசமான மெஷின் இல்லக்கா. மெஷின் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம். எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் அது மேல ஏறி உக்காந்துக்கும். ஜாவாவுக்குன்னுதான் செஞ்சாங்க. பொறவு மத்த மொழிக்காரங்களும் அதே மெஷினுக்கு மாவு அரைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

பேகம்பூர்ப் பிள்ளை பர்வீன். வாய் சும்மா இருக்காது.

"மொளகா அரைச்ச மில்லுல அரிசி அரைச்சா என்னாகும்ணே? அதையும் அக்காட்டச் சொல்லுங்க."

"அதைப் பாக்கத்தான ஒனக்குச் சம்பளம்," என்றார் சகாயம்.

கதிர்வேல் சார் இதில் தலையிட மாட்டார். "மாவு நல்லா வந்தாச் சரிங்க. எதை அரைச்சீங்கன்னு நான் கேக்கறதில்லீங்க" என்பார். வேறு ஆபீஸ்களில் அப்படி விடமாட்டார்கள் என்று பர்வீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஆபீஸ் அது ஒன்றுதான்.

சகாயத்தின் மொழி முழுக்க அடைப்புக்குறி. ஒரு வரி முடிகிற இடத்தில் ஐந்து, ஆறு என்று வரிசையாக மூடிக்கொண்டு நிற்கும். அந்த வளைந்த குறிக்கு அவர் பிறை என்று பெயர் வைத்திருந்தார். பர்வீனுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு.

"ஒரே வரில எட்டுப் பிறையா? எங்களுக்கு நோம்பு முடிய ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும்ணே. அதுக்கே மொட்டை மாடில நின்னு கழுத்து வலிக்குது."

ஜாவாவில் வருகிற நெளிந்த அடைப்புக்கு அவர் வைத்த பெயர் மீசை. "மீசை வச்சிட்டா ஆம்பளைன்னு நெனச்சிக்கிற மொழி" என்பார், கதிர்வேல் சார் காதில் விழுகிற மாதிரி. கதிர்வேல் சாருக்கு மீசை உண்டு. தடவிக்கொண்டு சிரிப்பார்.

ஏன் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு தடவை கேட்டேன். ஜாவாவில் மாட்டுக்கு ஒரு பெட்டி செய்யவேண்டும், ஊசிக்கு ஒரு பெட்டி, டாக்டருக்கு ஒரு பெட்டி, பிறகு பெட்டிக்குள் பெட்டி வைக்கவேண்டும் என்றார். "இதுல வரிசையா எழுதி வச்சாப் போதும்க்கா. மாடு மாடாவே இருக்கும்."

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தார். கண்டுபிடித்தபோது இரண்டும் போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிரும். ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான். நாங்கள் அவர் முன்னால் காப்பி குடிப்பதை நிறுத்தினோம். அவரே கோபித்துக்கொண்டார். "வாசனைக்குமா தடை போடுறீங்க?" பிறகு மறுபடி குடித்தோம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பால் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. இனிமேல் புரோகிராமை அவர்கள் ஆபீசிலேயே பார்த்துக்கொள்வார்களாம். அங்கே இருக்கிறவர்களுக்கு ஜாவா தெரியும். வேறு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் ஜாவாவுக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். மாற்றாத பாகத்தை எடுத்துவிட்டு அவர்கள் புதிதாக எழுதிக்கொள்வார்கள்.

மெஷின் ஒன்றுதானே, எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நான் கேட்டேன். "ஓடுறதுக்கு மெஷின் போதுமுங்க்கா. படிக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்க" என்றார் கதிர்வேல் சார்.

பர்வீன் தன் பாகத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டாள். கோட்லின் ஜாவா வீட்டுக்கு வாக்கப்பட்ட மொழி, சொன்ன பேச்சு கேட்கும் என்றாள். சகாயத்தின் பாகம்தான் பெரியது. அவர் மொழியில் ஏழு வரி என்றால் ஜாவாவில் ஒன்றரைப் பக்கம் வந்தது. கோயம்புத்தூரில் ஆள் இருக்கிறார், கொடுத்துவிடலாமா என்று கதிர்வேல் சார் கேட்டார். கேட்கும்போதே தரையைப் பார்த்துக்கொண்டார்.

 மறுநாள் சகாயம் என்னிடம் சொன்னார்.

"வேற ஆளு வந்தா இதைப் படிக்க மாட்டான்க்கா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதுவான். எட்டு வருசமா மாட்டுக்காரங்க போன் போட்டு ஏசுனதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அம்புட்டும் போயிரும். நானே மாத்திட்டா போகாது."

அது உண்மை. போனை எடுத்தது நான் என்பதால் எனக்குத் தெரியும். எருமைக்கு நாள் கணக்கு வேறு. தலைச்சன் கன்று போடப்போகிற கிடாரிக்கு முன்னதாகவே சொல்லவேண்டும். பால் கறக்கிற நேரத்தில் செய்தி போகக் கூடாது, இடுப்பில் செருகியிருக்கிற போன் கத்தினால் மாடு உதைத்துவிடும். அப்படி உதை வாங்கினவர் ஒருவர் கீரனூர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, "ஏனுங்க, செய்தி மாட்டுக்கா எனக்கா?" என்று கேட்டார். மறுநாளே சகாயம் அதை எழுதிச் சேர்த்தார். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு ஏச்சு உண்டு. வேறு எங்கேயும் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அவரால் முடியவில்லை. ஆபீஸ் வருகிற நாட்களில் அசதி. மற்ற நாட்களில் நாலு மணி நேரம் கையில் ஊசியோடு அசையாமல் கிடக்கவேண்டும். அவர் மனைவி லில்லி பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் விடுகிற வரைக்கும் கூட இருக்க அவரால் வர முடியாது. நான் போனேன். மடியில் லேப்டாப். அவர் படுத்துக்கொண்டு சொல்லுவார். நான் அடிப்பேன்.

நர்ஸ் முதலில் விடவில்லை. பிறகு, பேசிக்கொண்டே இருப்பதால் பிரஷர் இறங்கினால் குரலிலேயே தெரிகிறது என்று அவரே ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்வார். தன் மொழியில் எழுதினது அவருக்குப் பாராமலே தெரியும். அதை மனசுக்குள் பார்த்து, ஜாவாவாக என்னிடம் சொல்லுவார். "மீசை தொற. அடுத்த வரி. உள்ள தள்ளு. பிறை தொற, மூடு. புள்ளி வச்ச கமா. மீசை மூடு." இங்கிலீசு வார்த்தை வந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்லுவார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார், அவரும் வாரம் மூன்று நாள். ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தம்பிக்கு முடிவெட்டுற தொழிலாம்மா?"

சகாயம் அதற்குச் சிரித்த சிரிப்பில் டயாலிசிஸ் மெஷின் கூவியது.

வேலை நகர்ந்தது. முடிந்ததை நான் சாயங்காலம் பர்வீனிடம் கொடுப்பேன். அவள் ஓட்டிப் பார்த்து உள்ளே சேர்ப்பாள். பழையதில் பாதி, புதியதில் பாதி, இரண்டும் ஒரே மெஷினில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஓடின. வெளியே இருக்கிற மாட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அது பெரிய வசதி என்றார் கதிர்வேல் சார். வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி என்றார்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் போன் நிற்கவே இல்லை. முதலில் வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா.

"ஏம்மா, முந்தாநேத்துதான் டாக்டரு ஊசி போட்டுட்டுப் போனாரு. அதுக்குள்ள மாடு மறுபடி கத்துதான்னு பாக்கச் சொல்றீங்க. ஒங்களுக்கு என்ன அம்புட்டு அவசரம்?"

அடுத்து பழனிப் பக்கத்திலிருந்து ஒருவர். "ஏனுங்க, எங்க மாட்டுக்கே தெரியாத சங்கதி உங்க கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

ஊசி போட்டு இருபத்தொரு நாள் கழித்துத்தான் மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டும். இரண்டே நாளில் செய்தி போயிருந்தது. பர்வீன் நான் அடித்ததைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபத்தொன்று என்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் இன்னும் பெரிதாக்கினாள்.

"அக்கா, இது ரெண்டு. பக்கத்துல இருக்கது ஒண்ணு இல்ல. எல்லு."

"எல்லுதான். சின்ன எல்."

"ஏன் எல் அடிச்சீங்க?"

"எங்க இன்ஸ்டிட்யூட் மெஷின்ல ஒண்ணு கெடையாதும்மா. சின்ன எல்தான் ஒண்ணு."

பர்வீன் என்னைப் பார்த்தாள். "ஒண்ணே இல்லாத மெஷினா! அப்ப பதினொண்ணு எப்படி அடிப்பீங்க?"

"ரெண்டு எல்."

இன்றைக்கு நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்து டைப்ரைட்டர் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கீ இருக்காது. சின்ன எல் பார்க்க அதே மாதிரி இருக்கும், காகிதத்துக்கு வித்தியாசம் தெரியாது. அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆபீசில் எனக்கு வலது பக்கம் எண்களுக்கு என்று தனியாகப் பட்டன்கள் இருந்த கீபோர்டு. அதில் ஒன்று உண்டு, அதையே அடித்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன லேப்டாப்பில் அது கிடையாது. மேல் வரிசையில் தேடாமல் விரல் பழைய இடத்துக்குப் போய்விட்டது. மற்ற இடங்களில் மெஷின் ஏற்றுக்கொள்ளாமல் கத்தியிருக்கிறது, பர்வீன் திருத்தியிருக்கிறாள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கத்தவில்லை.

மறுநாள் சகாயத்திடம் சொன்னேன். கண்ணை மூடினபடியே கேட்டார். வயிறு குலுங்கியது.

"ஜாவாவுல எண்ணுக்குப் பின்னால எல் வந்தா, பெரிய வகை எண்ணுன்னு அர்த்தம்க்கா. நீங்க பெரிய ரெண்டு அடிச்சிருக்கீங்க. எங்க மொழியா இருந்தா இது எண்ணே இல்லன்னு மூஞ்சில எறிஞ்சிருக்கும். ஜாவா பெரிய மனுசன் மாதிரி வாங்கி வச்சிக்கிருச்சு."

நர்ஸ் ஓடி வந்தார். "சார், கைய ஆட்டாதீங்க. சிரிக்கிறதா இருந்தா வலது பக்கமா சிரிங்க."

சிரிப்பு அடங்கினதும் அவர் முகம் மாறியது. அவருடைய மொழி மறுத்திருக்கும் தப்பை இந்த மொழி ஏற்றுக்கொண்டது என்றால், இதுவரை மாற்றினதில் வேறு எங்கெல்லாம் எது ஏறியிருக்கிறதோ என்பதுதான் அவர் யோசனை. கதிர்வேல் சாருக்கும் அதுவே. இனிமேல் ஒவ்வொன்றையும் சகாயம் ஒரு தடவை தன் கண்ணால் வாசித்த பிறகுதான் உள்ளே போகவேண்டும் என்றார். "உங்களை நம்பாம இல்லீங்கக்கா," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நான் ஒரு பேப்பரில் பெரிதாக 1 என்று எழுதி லேப்டாப்பில் ஒட்டிக்கொண்டேன்.

ஆனால் வேகம் பாதியானது. அவருக்கு அது தாங்கவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் கண் மங்கும். அந்த மங்கின கண்ணோடு வாசிப்பார்.

லில்லி ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தினார். கையில் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர் கட்டு.

"அக்கா, நீங்க ஒரு ரெண்டு நாள் வராம இருந்துருங்களேன்."

"வரலன்னா?"

"தூங்குவாரு. இருக்குற தெம்பெல்லாம் அந்த மெஷினுக்குப் போகுது. வீட்டுக்கு வந்தா எங்கிட்டப் பேசத் தெம்பு இல்ல."

 அவர் சொன்னதில் தப்பு இல்லை. மறுநாள் சகாயத்திடம் அப்படியே சொன்னேன். 

"தூங்குனா நாலு மணி நேரம் நாலு நாளா இருக்கும்க்கா. அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மீசையத் தொறங்க."

திறந்தேன். அன்றிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். சாயங்காலம் லில்லி வந்தால் பேசினார். அவர்கள் பேசுவதை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். அவர் கையை லில்லி தொட்டுக்கொண்டிருப்பார், அந்த அதிர்வு இருக்கிற இடத்தில்.

மழை முடிந்து பனி தொடங்கியபோது அவர் பாகத்தில் மாற்றவேண்டிய துண்டுகள் மூன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. பெரியது எல்லாம் முடிந்துவிட்டது. மீதி சில்லறை வேலை. கிறிஸ்துமசுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். குடில் வைக்கிற வேலை வேறு இருக்கிறது என்றார்.

அந்த வாரம் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. வடமதுரைக்கு உள்ளே ஏதோ ஒரு ஊர். வயசானவர் குரல்.

"அம்மா, அந்த மாடு செத்து இருவது நாளாச்சு. கன்னு போடுற நாளு நெருங்குதுன்னு செய்தி வருது. போனு எங்க வீட்டுக்காரிகிட்டத்தான் இருக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்றா. கேட்டுட்டு மறுக்கா அழுவுறா. நிறுத்திருங்கம்மா."

நிறுத்த வழி இல்லை. இன்சூரன்ஸ் உள்ள மாடு என்றால் கம்பெனி டாக்டர் வந்து பார்த்துக் கணக்கிலிருந்து எடுப்பார். இந்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை. யாரும் எடுக்கவில்லை. கணக்கில் அது உயிரோடு சினையாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னேன். பேச்சுவாக்கில்தான் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். நான் மூன்றில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அதை மூடுங்கக்கா. இன்னைக்கு வேற."

"வேறன்னா?"

"புதுசு. மாடு இல்லன்னு நீங்க ஆபீஸ்லயே ஒரு குறி வச்சா, பொறவு அந்த மாட்டைப் பத்தி எது வந்து கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு பதில் போகணும். பிறையிலயே சொல்றேன்."

"ஜாவால தான தம்பி வேணும்? மறுபடி அதை வேற மாத்தணுமே."

"ஜாவால ஒண்ணுமில்லாததத் தொட்டாக் கத்தும்க்கா. எங்கெங்க தொடுதுன்னு தேடித் தேடி மறிக்கணும். அதைச் சொல்ல எனக்கு மூச்சு பத்தாது. இதுல, இல்லன்னா பேசாமத் திரும்பிரும். ஆறு வரி."

அவர் மொழியை அதுவரை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. எத்தனையோ மாதமாக அதிலிருந்து மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அதை அப்படியே வாயால் கேட்டேன். ஜாவா சொல்லும்போது ஒவ்வொன்றாக எடுத்துவைத்துச் சொல்லுவார். இதை நிறுத்தாமல் சொன்னார். மூச்சுக்கு மட்டும் நிறுத்தினார். "பிறை தொற" என்பது தேய்ந்து "பிறை, பிறை" என்றானது. கடைசி வரி முடிந்ததும் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"மூடு. மூடு. மூடு. மூடு. மூடு."

ஐந்து மூடினேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். பிறகு, "அழகா இருக்குல்லக்கா?" என்று கேட்டார்.

எனக்கு அழகு தெரியாது. ஆமாம் என்றேன்.

பர்வீன் அன்று சாயங்காலமே உள்ளே சேர்த்தாள். மெஷின் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுநாள் நான் அந்தப் பெரியவர் மாட்டுக்குக் குறி வைத்தேன். வேலை செய்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அந்த ஊரிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த டயாலிசிஸ் நாளுக்கு முந்தின நாள் சகாயம் போய்விட்டார். அவர் சொந்த ஊர்க் கோயிலில் பூசை வைத்தார்கள். கதிர்வேல் சாருக்கு எப்போது உட்காரவேண்டும் எப்போது எழவேண்டும் என்று தெரியவில்லை. முழுக்க நின்றுகொண்டே இருந்தார். பர்வீன் கல்லறை வாசல் வரைக்கும் வந்தாள். லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடிச்சாரா அக்கா?"

"கொஞ்சம் இருக்கு," என்றேன். பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பால் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, படம் போட்ட ஏதோ ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் ஜாவாவும் போனது, மற்றதும் போனது. கதிர்வேல் சார் கொஞ்ச நாள் பள்ளிக்கூடங்களுக்கு எழுதிக் கொடுத்தார், பிறகு ஊரில் தென்னையைப் பார்க்கப் போய்விட்டார். டயாலிசிஸ் நடந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இன்ஸ்டிட்யூட் இருந்த கட்டடமே இல்லை. நான் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். அங்கே யாரும் எனக்கு வாயால் சொல்லுவதில்லை, எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறை என்றும் மீசை என்றும் சொன்னால் என்னவென்று தெரிகிறவர்கள் இந்த ஊரில் இப்போது நானும் கதிர்வேல் சாரும்தான். அவரும் இந்தப் பக்கம் இனி வரமாட்டார்.

பால் கம்பெனிக்காரர்களிடம் ஒப்படைத்தது சகாயம் போன மறு மாதம். வந்த பையன்கள் நல்ல மாதிரி. ஜாவாவுக்கு மாற்றாமல் நின்றுபோனவை எத்தனை என்று கேட்டார்கள். மூன்று என்றார் கதிர்வேல் சார். பர்வீன் எழுந்து வந்து, அவர் திரையில் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

நான்கு.